வக்கீலுக்கு எந்த நாற்காலி?

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வக்கீல் கம்பெனியில் டைரக்டராக இருக்கலாமா, டிரஸ்டியாக இருக்கலாமா, இருந்தால் என்ன கெடும்? பாளையங்கோட்டை முதல் சங்கரன்கோவில் வரை கேட்டிருக்கிறார்கள். அதனால் பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

கேள்வி: பாளை கோர்ட்டில் ஐந்து வருஷமாகத் தொழில் செய்கிறேன். நண்பர்கள் இருவர் பணகுடிப் பக்கம் காற்றாலை பராமரிப்புக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குகிறார்கள். என்னையும் டைரக்டராகப் போட வேண்டும் என்கிறார்கள். சன்னத்துக்கு (வக்கீல் பதிவுச் சான்றுக்கு) ஆபத்து வருமா?
— இளம் வழக்கறிஞர், பாளையங்கோட்டை

பதில்: டைரக்டர் ஆனதாலேயே ஆபத்து வராது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 48-ஆவது விதி வக்கீல் ஒரு கம்பெனியின் இயக்குநராகவோ இயக்குநர் குழுத் தலைவராகவோ இருக்க இடம் கொடுக்கிறது. வழக்கமான அமர்வுக் கட்டணத்தை, அதாவது கூட்டத்துக்கு வருவதற்குக் கொடுக்கும் தொகையை, வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். நிபந்தனை ஒன்றே: அவருடைய வேலையில் எதுவும் நிர்வாகம் நடத்தும் வேலையாக இருக்கக் கூடாது. நிர்வாக இயக்குநர், கம்பெனி செயலாளர் ஆகிய இரண்டு பதவிகளும் அறவே கூடாது.

'நிர்வாகம் நடத்துவது' என்றால் என்ன என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்தாலும், பார்ப்பவர்கள் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். காசோலையில் ஒப்பமிடுவது, நெட் பேங்கிங்கில் பணம் அனுப்ப ஒப்புதல் கொடுப்பது, ஆள் எடுப்பது, டெண்டரில் கையெழுத்துப் போடுவது, ஜி.எஸ்.டி. பதிவில் அதிகாரம் பெற்ற கையொப்பதாரராக நிற்பது, தொழிற்சாலை உரிமத்தில் பொறுப்பாளராகப் பெயர் கொடுப்பது எல்லாமே நிர்வாகம்தான். இதில் ஒன்று உங்கள் பெயரில் இருந்தாலும் 'நான் வெறும் டைரக்டர்தான்' என்ற பேச்சு எடுபடாது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குச் சட்டப்படி இரண்டு இயக்குநர் போதும். உங்களுக்கு அது போதாது. உங்களைத் தவிர, அன்றாடம் நடத்துகிற இயக்குநர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர்தான் இருக்கிறார், அவர் துபாய்க்குப் போய்விட்டார் என்று வையுங்கள். மறுநாளே வங்கிக்காரர் உங்களைத் தேடி வருவார். 'ஒரு கையெழுத்துதானே வக்கீல் சார்' என்றுதான் அது ஆரம்பிக்கும்.

சேரும்போது டி.ஐ.ஆர்-2 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். கம்பெனி 30 நாளுக்குள் டி.ஐ.ஆர்-12 தாக்கல் செய்யும். அதில் உங்கள் வகை 'நிர்வாகம் சாராத இயக்குநர்' என்று போயிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆடிட்டர் அலுவலகப் பையன் அவசரத்தில் எதையாவது தட்டிவிடுவது உண்டு. முதல் போர்டு மீட்டிங்கிலேயே எம்.பி.பி-1 படிவத்தில் உங்களுக்கு வேறு எந்தெந்த நிறுவனத்தில் தொடர்பு உண்டு என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிதியாண்டின் முதல் கூட்டத்திலும் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கை இயக்குவோர் தீர்மானத்தில் உங்கள் பெயர் வரக் கூடாது.

பணம்: அமர்வுக் கட்டணம் ஒரு கூட்டத்துக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்ட வரம்பு. கம்பெனி 10 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு கொடுக்கும். ஜி.எஸ்.டி.யை எதிர்முறைக் கட்டணமாகக் கம்பெனியே கட்டும். மாதம் பிறந்தால் ஒரே தொகை கணக்கில் விழுகிறது என்றால் அதை அமர்வுக் கட்டணம் என்று சொல்ல முடியாது. சம்பளம் என்றுதான் பார்ப்பார்கள். அப்போது 49-ஆவது விதியும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது.

இல்லை, கம்பெனியை நானே நடத்தப் போகிறேன் என்றால் அதற்கும் நேர்வழி உண்டு. சன்னத்தின் அசலோடு பதிவுத் தபாலில் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதி, தொழிலைத் தானாக நிறுத்திவைக்கலாம். திரும்ப வர நினைத்தால் பிரமாண வாக்குமூலத்தோடு விண்ணப்பிக்கலாம். இதை மானக்குறைவாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டு படகில் கால் வைப்பவர்களைவிட இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

கேள்வி: டைரக்டராக இருக்கும் கம்பெனிக்கு அதே வக்கீல் செக் மோசடி வழக்கு நடத்தலாமா? கம்பெனிச் சட்டம் அனுமதிக்கிறது என்று ஆடிட்டர் சொல்கிறார்.
— நாங்குநேரி வாசகர்

பதில்: ஆடிட்டர் சொல்வது பாதி சரி. கம்பெனிச் சட்டம் 197-ஆவது பிரிவு, இயக்குநர் தன் தொழில் தகுதியில் செய்யும் சேவைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் கம்பெனிச் சட்டம் கம்பெனிக்கு. வக்கீலின் கையைக் கட்டுவது பார் கவுன்சில் விதி. தனக்குப் பணச் சம்பந்தம் உள்ள காரியத்தில் வக்கீல் வழக்காடக் கூடாது என்கிறது 9-ஆவது விதி. அதற்கு விதியிலேயே கொடுத்திருக்கும் உதாரணம், 'தான் இயக்குநராக இருக்கும் கம்பெனியிடமிருந்து வழக்கை ஏற்கக் கூடாது' என்பது. இதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை. போதாததற்கு 8-ஆவது விதி, ஒரு அமைப்பின் பொது நிர்வாகம் எந்தக் குழுவின் கையில் இருக்கிறதோ அதில் உறுப்பினராக இருப்பவர் அந்த அமைப்புக்காகவோ எதிராகவோ ஆஜராகக் கூடாது என்கிறது.

அதே வக்கீல் இயக்குநர் என்ற முறையில் வழக்குரையில் கையெழுத்துப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 29, விதி 1-இன்படி கம்பெனிக்காகச் செயலாளரோ, இயக்குநரோ, முதன்மை அலுவலரோ ஒப்பமிட்டு உறுதி செய்யலாம். அதாவது வக்காலத்தில் 'கொடுப்பவர்' இடத்தில் கையெழுத்துப் போடலாம், 'ஏற்றேன்' என்ற இடத்தில் போடக் கூடாது. சாட்சிக் கூண்டில் ஏறலாம். அன்றைக்குக் கழுத்தில் பட்டை இருக்கக் கூடாது.

ஜூனியர் பெயரில் வக்காலத்தைப் போட்டுவிட்டு, சீனியர் பின் பெஞ்சில் இருந்து சீட்டு எழுதிக் கொடுப்பது நம் பக்கம் நடக்கிறதுதான். ஃபீஸ் ஒரே மேஜை டிராயரில் விழுமானால் பணச் சம்பந்தம் போய்விட்டதா என்ன? எங்கள் கருத்தில் அது தற்காப்பாகாது. ஏற்கெனவே அந்தக் கம்பெனிக்கு வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர், இயக்குநர் பதவி ஏற்கும் முன்பே வேறு அலுவலக வக்கீலிடம் வழக்குக் கட்டை ஒப்படைத்து, வக்காலத்திலிருந்து விலகி, பெறாத பாக்கியையும் வாங்கிய முன்பணத்தையும் கணக்குத் தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்ப வக்கீலையே டைரக்டராகச் சேர்த்துக்கொண்டால் ஆலோசனை ஃபீஸ் மிச்சம் அல்லவா? நம்பிக்கையான மனுஷர்.
— வியாபாரி, திசையன்விளை

பதில்: மிச்சம் ஆகாது அண்ணாச்சி, இழப்புத்தான். முதலில், மேலே சொன்னபடி அவர் உங்கள் வழக்குக்கு வர முடியாது. நல்ல வக்கீலை இழந்து ஒரு சுமாரான டைரக்டரை வாங்குகிறீர்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிது. கட்சிக்காரர் வக்கீலிடம் தொழில் முறையில் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் காக்கிறது. பழைய சட்டத்தில் 126, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. அந்தப் பாதுகாப்பு வக்கீல் என்ற முறையில் பேசியதற்கு மட்டும். போர்டு மீட்டிங்கில் டைரக்டராகக் காதில் விழுந்ததற்குக் கிடையாது. வரி அதிகாரியோ விசாரணை அதிகாரியோ மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துவைத்து, 'அன்று நீங்கள் இருந்தீர்களே, என்ன பேசினீர்கள்?' என்று அவரைக் கேட்க முடியும். சிக்கலான விஷயம் என்றால் வெளி வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கி, அதைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குள் பங்குச் சண்டை வந்தால் இன்னும் மோசம். அவர் உங்கள் வக்கீலா, மூத்த மகனின் வக்கீலா, கம்பெனியின் டைரக்டரா? டைரக்டருக்குக் கடமை கம்பெனிக்கு. கம்பெனிச் சட்டம் 166-ஆவது பிரிவை மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம். பாவம், எல்லோர் ரகசியமும் தெரிந்தவர் எந்தப் பக்கமும் நிற்க முடியாமல் போவார்.

கேள்வி: எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து நிதி கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். என் தம்பி வக்கீல். டைரக்டராக வரச் சொல்கிறார்கள். பணம் போட வேண்டாமாம். போர்டில் 'அட்வகேட்' என்று பெயர் போட்டால் ஜனங்கள் நம்பி டெபாசிட் போடுவார்களாம். சேரலாமா?
— வள்ளியூர் வாசகி

பதில்: அம்மா, அவர்களுக்கு உங்கள் தம்பியின் அறிவு வேண்டியதில்லை. கறுப்புக் கோட்டுதான் வேண்டும். அதை அவர்களே சொல்லியும் விட்டார்கள்.

36-ஆவது விதி வக்கீல் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தன் பெயர்ப் பலகையிலும் கடிதத்தாளிலும் இன்ன ஆளோடு, இன்ன அமைப்போடு தொடர்புள்ளவர் என்று காட்டவும் கூடாது. தம்பியின் லெட்டர்பேடில் நிதியின் பெயர் ஏறினாலே தவறு. நிதியின் போர்டில் 'அட்வகேட்' என்று போட்டு டெபாசிட் திரட்டுவதற்கு அவர் சம்மதித்தால், பிற்பாடு புகார் வரும்போது அந்தப் போட்டோதான் முதல் ஆவணமாக நிற்கும்.

இனி நிதியைப் பாருங்கள். நிதி என்பது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. குறைந்தது 3 இயக்குநர், 200 உறுப்பினர், 20 லட்சம் ரூபாய் நிகரச் சொந்த நிதி வேண்டும். தொடங்கி 120 நாளுக்குள் என்.டி.ஹெச்-4 படிவத்தில் விண்ணப்பித்து, மத்திய அரசு 'நிதி' என்று அறிவித்த பிறகுதான் டெபாசிட் வாங்கலாம். கடை திறப்பு விழா அன்றைக்கே ரசீது புத்தகத்தை நீட்டுகிறார்கள் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

டெபாசிட், கடன் இரண்டும் உறுப்பினரோடு மட்டும். மொத்த டெபாசிட் சொந்த நிதியைப் போல 20 மடங்கைத் தாண்டக் கூடாது. சொந்த நிதி 20 லட்சம் என்றால் உச்சம் 4 கோடி. அந்த 4 கோடியில் பத்து சதவீதம், அதாவது 40 லட்சம், எந்த அடமானமும் இல்லாமல் வங்கி வைப்பில் கிடக்க வேண்டும். நகைக்கடன் நகை மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கூடாது. கைமாற்றுக் கடன், சீட்டு, தவணை முறை விற்பனை மூன்றும் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து லாபம் காட்டாமல் கிளை திறக்கக் கூடாது. வள்ளியூரில் தலைமை அலுவலகம் வைத்த மூன்றாம் மாதமே திசையன்விளையில் கிளை, உவரியில் ஏஜென்ட் என்று பேச்சு வந்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

டெபாசிட் திரும்ப வராவிட்டால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வரும். அதன் 5-ஆவது பிரிவில் 10 வருஷம் வரை சிறை. நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர் எவரும் அதில் வரலாம். பொருளாதாரக் குற்றப்பிரிவு முதல் தகவல் அறிக்கை போடும்போது இயக்குநர் குழுவில் உள்ள பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். 'நான் நிர்வாகம் சாராதவன்' என்று நிரூபிப்பதெல்லாம் அப்புறம், மதுரை சிறப்பு நீதிமன்றத்தில், ஜாமீனுக்குப் பிறகு. கம்பெனிச் சட்டம் 149(12) நிர்வாகம் சாராத இயக்குநருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறதே என்று தம்பி சொல்வார். தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, தனக்குத் தெரிந்து, போர்டு வழியாக, தன் சம்மதத்தோடு நடந்ததற்கும், தான் கவனமாக இல்லாததால் நடந்ததற்கும் செல்லாது. கூட்டத்துக்கே போகாதவர் கவனமாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வார்?

சேர வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

கேள்வி: அப்பா காலமானார். அப்பளக் கம்பெனி அவர் ஒருவர் பெயரில் இருந்தது. நான் வக்கீல், அக்காவும் அம்மாவும் உண்டு. தொழிலை விட மனசில்லை.
— கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: விட வேண்டியதில்லை. 50-ஆவது விதி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வாரிசாக வந்த குடும்பத் தொழிலை வக்கீல் தொடரலாம், பங்கும் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபடக் கூடாது.

சிக்கல் காகிதத்தில் வருகிறது. தனி உரிமையாளர் இறந்தால் ஜி.எஸ்.டி. பதிவு அவரோடு முடிந்தது. வாரிசு புதுப் பதிவு எடுத்து, ஐ.டி.சி-02 படிவம் மூலம் மிச்சமுள்ள உள்ளீட்டு வரியை மாற்ற வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கி நடப்புக் கணக்கு, மின் இணைப்பு எல்லாம் பெயர் மாற வேண்டும். இவை உங்கள் பெயருக்கு வந்தால் உளுந்து கொள்முதல் முதல் ஆள் கூலி வரை நீங்கள் நடத்துவதாகத்தான் அர்த்தம். அக்கா பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்குங்கள்.

உங்கள் பங்கைக் காக்க கூட்டாண்மைப் பத்திரம் போட்டு அதில் 'செயல்படாத பங்குதாரர்' என்று எழுதலாம். 47-ஆவது விதி அதை ஏற்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: செயல்படாத பங்குதாரர் என்பதால் கடன் தள்ளிப்போகாது. கூட்டாண்மைச் சட்டம் 25-ஆவது பிரிவில் எல்லாப் பங்குதாரருக்கும் முழுப் பொறுப்பு உண்டு. கடையில் உட்காராமலே கடைக் கடனுக்கு வீடு போகலாம். அந்தப் பயம் இருந்தால் பிரைவேட் லிமிடெட் ஆக்கிப் பங்குகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பண்டிகை நாளில் கல்லாவில் உட்கார்ந்து உதவுவதை யாரும் புகார் செய்ய மாட்டார்கள். தினமும் உட்கார்ந்தால் செய்வார்கள்.

கேள்வி: எங்கள் வாழை விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனிக்கு ஒரு வக்கீலை டைரக்டராக எடுக்க முடியுமா? அவர் விவசாயி இல்லை.
— களக்காடு

பதில்: உறுப்பினரல்லாதவரை நிபுணர் இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்த இயக்குநர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. ஐந்து பேர் போர்டு என்றால் ஒருவர். தலைவர் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. உற்பத்தியாளர் கம்பெனிக்கு முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் கட்டாயம் என்பதால் அன்றாட வேலை அவர் தலையில் போகும். அந்த வகையில் வக்கீலுக்கு இது மற்றக் கம்பெனிகளைவிடத் தோதான இடம். வியாபாரியோடு தார் விலை ஒப்பந்தம் பேசுவதை மட்டும் அவரிடம் தள்ளாதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

கேள்வி: வக்கீல் கம்பெனி நடத்தக் கூடாது என்றால் வ.உ.சி. செய்தது என்ன?
— ஆலங்குளம் வாசகர்

பதில்: நல்ல மடக்கு. 1906-இல் 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானபோது அவர் தூத்துக்குடியில் பிளீடர். தூத்துக்குடி அன்று திருநெல்வேலி ஜில்லா. வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது 1961-இல். 48-ஆவது விதி எல்லாம் அதற்கும் பின்னால். அவருடைய சன்னத்தைப் பறித்தது கப்பல் அல்ல, 1908-இல் நம் திருநெல்வேலியில் விதித்த ராஜத்துரோகத் தண்டனை. அதைத் திரும்பப் பெற உதவிய வெள்ளைக்கார நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

கேள்வி: என் கட்சிக்காரர் 78 வயது அம்மாள். திருநெல்வேலி டவுனில் இரண்டு வாடகை வீடு. இரண்டு பேத்திகள், ஏழும் பத்தும் வயது. அவர்கள் படிப்புக்காக டிரஸ்ட் எழுதி என்னை டிரஸ்டியாகப் போட வேண்டும், பத்திரமும் நானே எழுத வேண்டும் என்கிறார். எதில் கவனம் வேண்டும்?
— வழக்கறிஞர், தென்காசி

பதில்: இது 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் தனியார் டிரஸ்ட். அசையாச் சொத்து என்பதால் பதிவான பத்திரமோ உயிலோ வேண்டும்.

முதல் பள்ளம் ஊதியம். 50-ஆவது பிரிவுப்படி, பத்திரத்திலோ தனி ஒப்பந்தத்திலோ நீதிமன்ற உத்தரவிலோ சொல்லாவிட்டால் டிரஸ்டிக்குக் கூலி கிடையாது. கைச்செலவை மட்டும் எடுக்கலாம். பத்திரத்தில் 'டிரஸ்டிக்கு மாதம் இவ்வளவு' என்று நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்டால், பத்து வருஷம் கழித்துப் பேத்தி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஊதியம் வேண்டுமென்றால் அந்த ஷரத்தையாவது வேறு வக்கீல் அம்மாளுக்குப் படித்துக்காட்டி விளக்கியதாக எழுத்தில் வைத்திருங்கள். முழுப் பத்திரத்தையும் அந்த வக்கீலே எழுதினால் இன்னும் உத்தமம்.

வாடகைதாரரைக் காலி செய்ய வழக்குப் போட வேண்டி வந்தால் அதை நீங்கள் நடத்தாதீர்கள். டிரஸ்டியாக நீங்களே வாதி, நீங்களே சாட்சி. சாட்சியாக வேண்டி வரும் என்று தெரிந்த வழக்கை ஏற்கக் கூடாது என்று பார் கவுன்சிலின் 13-ஆவது விதி சொல்கிறது.

தனியாக டிரஸ்டி ஆகாதீர்கள். இரண்டு பேர் என்றால் முட்டிக்கொள்ளும். மூன்று பேர் போடுங்கள், ஒருவர் பேத்திகளின் தாய்வழி உறவாக இருக்கட்டும். 48-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் எல்லா டிரஸ்டியும் சேர்ந்தே செயல்பட வேண்டும். அதனால் வங்கிக் கணக்கில் எந்த இருவர் கையெழுத்து செல்லும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

வாடகையை உங்கள் குமாஸ்தா போய் வாங்கி வரலாம். அது கைவேலை, அதிகார ஒப்படைப்பு ஆகாது. வாடகையைக் குறைக்கலாமா, யாருக்கு விடலாம் என்பதைக் குமாஸ்தா முடிவு செய்தால் 47-ஆவது பிரிவு மீறல். நீதிமன்ற அனுமதி இல்லாமல் 21 வருஷத்துக்கு மேல் குத்தகை விடக் கூடாது. வீட்டை நீங்களோ உங்கள் ஆளோ வாங்கக் கூடாது. பணம் டிரஸ்டின் பெயரில், டிரஸ்டின் பான் எண்ணில், தனிக் கணக்கில் மட்டும் இருக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர் பணம் வைத்திருக்கும் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. மாநகராட்சி சொத்து வரி ரசீதும் டிரஸ்ட் பெயருக்கு மாறட்டும்.

கடைசியாக, வெளியேறும் கதவு. ஏற்றுக்கொண்ட டிரஸ்டி ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டு நடந்துவிட முடியாது. 46-ஆவது பிரிவுப்படி நீதிமன்ற அனுமதியோ, பயனாளிகளின் சம்மதமோ, பத்திரத்தில் கொடுத்த அதிகாரமோ வேண்டும். பயனாளிகள் மைனர்கள், அவர்களால் சம்மதம் கொடுக்க முடியாது. ஆக, 'மூன்று மாத அறிவிப்பில் விலகலாம், மீதிப் பேர் புது டிரஸ்டியை நியமிக்கலாம்' என்ற ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால், கடைசிப் பேத்திக்கு 18 வயது ஆகும்வரை, அதாவது 11 வருஷம், மாவட்ட நீதிமன்றம் ஒன்றே வழி. நடுவில் எதிலாவது சந்தேகம் வந்தால் 34-ஆவது பிரிவில், வழக்குப் போடாமல், மனுவாகவே நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். பலர் இந்த வசதியை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் அறங்காவலராக ஒரு வக்கீல் இருக்கிறார். கோயில் கடை வழக்கையும் அவரே நடத்துகிறார், ஃபீஸ் வாங்குவதில்லை. புண்ணியம்தானே?
— அம்பாசமுத்திரம்

பதில்: புண்ணியம் வேறு, தகுதி வேறு. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் 26-ஆவது பிரிவில், அந்தக் கோயிலுக்காகவோ எதிராகவோ வக்கீலாக ஆஜராகிறவர் அறங்காவலராக இருக்கத் தகுதியில்லாதவர். ஃபீஸ் வாங்கினாரா என்பது கேள்வியே இல்லை. எதிர்க்கட்சிக் கடைக்காரர் இதைப் பிடித்தால் வழக்கும் இழுபடும், அறங்காவலர் பதவியும் போகும். கோயில் நிலத்தில் குத்தகையோ ஒப்பந்தமோ நடப்பில் வைத்திருப்பவருக்கும், கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். வழக்கு, பதவி இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது (34-ஆவது பிரிவு). அறங்காவலர் வக்கீல் என்பதால் அந்த அனுமதி தானாக வந்துவிடாது.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனியில் பெயருக்கு டைரக்டராகச் சேர்ந்தேன். எந்த மீட்டிங்குக்கும் கூப்பிடவில்லை. விலகிவிட்டேன் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். போதும்தானே?
— வழக்கறிஞர், சங்கரன்கோவில்

பதில்: போதாது. முதலில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனியின் ஆவணங்களைப் பாருங்கள். நிதி அறிக்கையும் ஆண்டு விவரமும் தாக்கல் ஆகியிருக்கின்றனவா, உங்கள் கையொப்பம் எதிலாவது ஏறியிருக்கிறதா, அடமானம் பதிவாகியிருக்கிறதா? தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் எல்லோரும் கம்பெனிச் சட்டம் 164(2)-இன்படி 5 வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் இந்த வாரமே பாருங்கள்.

12 மாதம் ஒரு போர்டு மீட்டிங்குக்கும் போகாவிட்டால் பதவி தானாகக் காலியாகும் என்று 167-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் மீட்டிங் நடந்திருந்தால்தானே 'போகவில்லை' என்று சொல்ல முடியும்? அல்லது மினிட்ஸில் நீங்கள் நான்கு கூட்டத்துக்கும் வந்ததாக எழுதிவைத்திருக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள்.

168-ஆவது பிரிவுப்படி விலகல் கடிதம் எழுதிப் பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: கூட்ட அறிவிப்பு வந்ததில்லை, எந்த ஆவணத்திலும் ஒப்பமிடவில்லை என்று. கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ நீங்கள் குறித்த நாளிலோ, எது பிந்தியதோ அன்று விலகல் அமலாகும். கம்பெனி 30 நாளுக்குள் டி.ஐ.ஆர்-12 போட வேண்டும். போட மாட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு, கடித நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை மூன்றையும் இணைத்து அதே 30 நாளுக்குள் நீங்களே டி.ஐ.ஆர்-11 தாக்கல் செய்துவிடுங்கள். பதவியில் இருந்த காலத்துக் குற்றத்துக்கான பொறுப்பு விலகின பிறகும் தொடரும். கம்பெனி செக் திரும்பி வழக்கு வந்தால், அந்த நேரம் வியாபாரத்தை நடத்தும் பொறுப்பு உங்களிடம் இருந்தது என்று புகாரில் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். டைரக்டர் என்ற பெயர் ஒன்றே போதாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிகல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் செய்யும் முன் ஒரு வேலை. கம்பெனி பதிவுக்காக அன்றைக்கு உங்கள் பெயரில் எடுத்த டிஜிட்டல் கையொப்பச் சாவி ஆடிட்டர் அலுவலக மேஜையில் இன்னும் கிடக்கும். நேரில் போய் வாங்கிவிடுங்கள், வாங்கியதற்குத் தேதி போட்ட ஒரு சீட்டும் சேர்த்து.